வெண்ணெய்க்குக் கணக்கு உண்டு, கடைந்தவருக்கு இல்லை: கரோலின் இங்கல்ஸின் பண்ணை வாழ்க்கை

1875 நவம்பர் 30 அன்று மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு விவசாயி, தன்னிடம் பிழைக்க எந்த வழியும் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு, அரசு நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவு வாங்கிக்கொண்டு போனார். மதிப்பு 5 டாலர் 25 சென்ட். அவர் பெயர் சார்ல்ஸ் இங்கல்ஸ். வெட்டுக்கிளிகள் வயலைத் தின்று தீர்த்திருந்தன. காகிதத்தில் இருப்பது அவ்வளவுதான். அந்த மாவைப் பிசைந்து ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ரொட்டி சுட வேண்டியிருந்தவர் கரோலின், சார்ல்ஸின் மனைவி, நாலாவது பிள்ளையைப் பெற்று சரியாக ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பெயர் அந்தக் காகிதத்தில் வர வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைப் பெண்களைப் பற்றி யார் தேடினாலும் முட்டி நிற்கும் இடம் இதுதான். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்கு அரசு தெளிவாகவே சொல்லி அனுப்பியது: சம்பளம் வாங்கி வீட்டு வேலை செய்கிறவளை மட்டும் தொழில் செய்கிறவளாக எழுது, சொந்தக் குடும்பத்துக்கு உழைக்கிறவளை 'வீட்டைக் கவனிக்கிறாள்' என்று போடு. அதே கணக்கெடுப்பில் விவசாயத்துக்கென்று தனிப் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதில் எத்தனை பசு, எத்தனை புஷல் கோதுமை, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்றெல்லாம் பத்தி பத்தியாகக் கேட்டார்கள். ஆக வெண்ணெய் எண்ணப்பட்டது, ஆனால் பண்ணையின் உரிமையாளர் பெயருக்கு எதிரே எண்ணப்பட்டது. அதைக் கடைந்தவர் வேறொரு தாளில் தொழில் இல்லாதவராக இருந்தார். கரோலின் மாதிரி ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பது என்றால் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான்.

ஏன் கரோலின்? அவரைப் பற்றித் தகவல் கிடைக்கிறது, அதுதான் காரணம். அவருடைய இரண்டாவது மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரானார், தன் சிறுவயதை வைத்து நாவல்கள் எழுதினார். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்த நாவல்கள் 1932 முதல்தான் வெளிவந்தன, கரோலின் 1924-லேயே இறந்துவிட்டார். குழந்தைகளுக்காக எழுதியவை என்பதால் மகள் நிறைய விஷயங்களை விட்டுவிட்டார், சிலவற்றை மாற்றினார். நாவலில் வரும் அம்மா எப்போதும் அமைதி, பொறுமை, சுத்தமான ஏப்ரன். தேதிகளையும் ஆவணங்களையும் வைத்துப் பார்த்தால் தெரிகிற பெண் இன்னும் கடுமையான ஆள். எனக்கு இவரைத்தான் பிடிக்கிறது.

பிறந்தது 1839 டிசம்பர் 12, விஸ்கான்சினில், அது மாநிலமாகக்கூட ஆகாத காலம். அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பலோடு மூழ்கிப்போனபோது கரோலினுக்கு வயது ஐந்தையொட்டி. அம்மா சார்லட் கை நிறையப் பிள்ளைகளோடு சில வருடம் தள்ளாடிவிட்டு மறுமணம் செய்துகொண்டார். கரோலின் பதினாறு வயதில் பள்ளி ஆசிரியை ஆனார், அந்தக் காலத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கையில் காசு வருகிற மிகச் சில கௌரவமான வேலைகளில் அது ஒன்று. 1860 பிப்ரவரி 1 அன்று சார்ல்ஸை மணந்தார், அதோடு சம்பள வேலை முடிந்தது.

இந்தக் கல்யாணத்தில் நம்மவர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒரு விஷயம் உண்டு. கரோலினின் அண்ணன் ஹென்றி சார்ல்ஸின் தங்கை பாலியைக் கட்டியிருந்தார், கரோலின் சார்ல்ஸைக் கட்டினார், கரோலினின் தங்கை எலைசா சார்ல்ஸின் அண்ணன் பீட்டரைக் கட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதைதான், மூன்று தடவை. இதைப் பாசக் கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒரு பண்ணைப் பெண்ணுக்குப் பேறுகாலம் பார்க்க, துணி தைக்க, பன்றி அடிக்கும் நாளில் கொழுப்பு உருக்க, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் முறை வைத்து விழித்திருக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அநேகமாகச் சகோதரியோ நாத்தனாரோதான். விஸ்கான்சினின் பெப்பின் பக்கத்தில் இருந்தவரை கரோலினுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேற்கே போவது என்று கணவன் முடிவெடுத்தால் அவருக்கு நிலம் கிடைக்கலாம். அவளுக்கு முதலில் கிடைப்பது அந்த ஆட்களின் இழப்பு. எல்லைப்புறக் குடியேற்றம் பற்றி எழுதுகிறவர்கள் நிலத்தைக் கணக்குப் போட்ட அளவுக்கு இந்த இழப்பைக் கணக்குப் போட்டதில்லை.

1869-இல் கான்சாஸுக்குப் போனார்கள். போன இடம் ஓசேஜ் பழங்குடியினருக்குச் சொந்தமான பகுதி, அங்கே குடியேற வெள்ளையர்களுக்கு எந்தச் சட்ட உரிமையும் கிடையாது. 1870-இல் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத்தின் பெயர்களை எழுதினார், நில மதிப்பை எழுதவில்லை, எழுத அவர்களுக்கு நிலமே இல்லை. அந்த வருடமே அரசு சட்டம் போட்டு ஓசேஜ் மக்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குத் தள்ளியது. கரோலினின் உழைப்பைப் பேசும்போது இதை ஓரங்கட்டிவிட முடியாது. அவர் கழுவிப் பெருக்கிய அந்த மரக்குடில் இன்னொருவர் வீட்டு முற்றத்தில் நின்றது, அங்கேயும் அடுப்பும் குழந்தைகளும் உள்ள பெண்கள் இருந்தார்கள், அவர்களைத்தான் மூட்டை கட்டச் சொன்னார்கள்.

அங்கே மூன்றாவது மகள் கேரி பிறந்தாள், 1870 ஆகஸ்ட் 3. அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை. பக்கத்தில் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர் குடியிருந்தார், குடும்பம் முழுக்கக் குளிர்காய்ச்சலில் விழுந்தபோது வைத்தியம் பார்த்தவர் அவர்தான். அது மலேரியா. அப்போது சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள், சிலர் தர்பூசணியைக்கூடக் குற்றம் சொன்னார்கள். கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் உட்கார்ந்து ஆதாரம் கண்டுபிடிக்க 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1871-இல் பெப்பினுக்கே திரும்பினார்கள். மொத்தக் கான்சாஸ் பயணத்திலும் குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரு பெண் குழந்தையும் கொஞ்சம் மலேரியாவும்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டுரைகளில் 'வீட்டு வேலை' என்று இரண்டு சொல்லில் கடந்துபோகும் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், அதிலும் வெண்ணெயை.

நாம் பாலைத் தோய்த்துத் தயிராக்கி மத்தால் கடைவோம். அவர்கள் பாலை அகலத் தட்டுகளில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, மேலே திரளும் ஆடையை வழித்துச் சேர்த்து, அதைக் கடைவார்கள். கடைவதும் சுழற்றுவது இல்லை: இடுப்புயரத்துக்கு ஒரு குறுகிய மரத்தொட்டி, மூடியில் ஒரு துளை, அந்தத் துளை வழியே கீழ்முனையில் பலகை பொருத்திய ஒரு தடியை மேலும் கீழுமாக இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடை ரொம்பக் குளிர்ந்திருந்தால் மணிக்கணக்கில் இடித்தாலும் வெண்ணெய் திரளாது, சூடேறியிருந்தால் கொழகொழவென்று எண்ணெய் மாதிரி வரும். தெர்மாமீட்டர் வைத்திருந்த வீடுகள் குறைவு, கை வைத்துப் பார்த்தே சொல்லப் பழகியிருந்தார்கள். திரண்ட பிறகு மோரை வடித்துவிட்டு, குளிர்ந்த நீரில் பலமுறை அலசி, மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தி மிச்ச மோரை வெளியேற்ற வேண்டும். மோர் தங்கினால் சில நாளில் காறிப்போகும், காறின வெண்ணெய்க்குக் கடையில் விலை இல்லை. அப்புறம் உப்புச் சேர்த்து அச்சில் அழுத்தி, சுத்தத் துணியில் சுற்றி, கடைக்கு அனுப்பினால் சர்க்கரை, தேயிலை, பருத்தித் துணி, மண்ணெண்ணெய், குழந்தைக்குச் செருப்பு. பல சிற்றூர்க் கடைகளில் நல்ல வெண்ணெய்க்கும் மட்டமான வெண்ணெய்க்கும் ஒரே விலைதான் கொடுத்தார்கள், ஒரு வாடிக்கையாளரின் மனைவியைப் பகைத்துக்கொள்ளக் கடைக்காரருக்குத் துணிவில்லை. சுத்தமாகச் செய்கிறவளுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

இந்த வெண்ணெயும் முட்டையும்தான் பண்ணையின் வாரச் சில்லறை. கோதுமைப் பணம் வருடத்துக்கு ஒரு முறை வரும், வந்த அன்றே பாதி கடன்காரனுக்குப் போகும். விதை, கலப்பை, மரப்பலகை எல்லாமே அறுவடையை நம்பி வாங்கிய கடன். வெண்ணெயில் நஷ்டம் வந்தால் ஒரு வாரச் சர்க்கரை போகும், கோதுமையில் நஷ்டம் வந்தால் நிலமே போகும். இப்படிப் பார்த்தால் ஒரே கூரையின் கீழ் இரண்டு தொழில்கள் நடந்தன, ஒன்று சூதாட்டம், மற்றது மளிகை. வரலாற்றில் முன்னோடி என்ற பெயர் சூதாடியவருக்குப் போயிற்று.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். விறகுச் சாம்பலில் வடித்த காரநீரையும் கொழுப்பையும் கொதிக்கவைத்துச் சோப்பு. அந்தச் சோப்பில், கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தூக்கிவந்த நீரைச் சூடாக்கி, அநேகமாகத் திங்கட்கிழமை துவையல். மறுநாள் அடுப்பில் காய்ச்சிய இரும்பால் இஸ்திரி. பன்றி இறைச்சியை உப்பில் போடுவது, புகையில் தொங்கவிடுவது. காய்கறித் தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. அறுவடை நாளில் வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமையல். சட்டை, கவுன், படுக்கைவிரிப்பு எல்லாம் கைத்தையல், இடையிடையே பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்.

இயந்திரங்கள் வரவில்லையா என்றால், வந்தன. மக்கார்மிக் அறுவடை இயந்திரத்துக்கு 1834-இல் காப்புரிமை, ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்தது 1837-இல். அந்த நூற்றாண்டில் வயல் வேலை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. வீட்டுக்குள் இரும்பு அடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் வந்தன, வசதி உள்ளவர்களுக்குத் தையல் மெஷின் வந்தது, தண்ணீர்க் குடம் மட்டும் அவள் கையை விட்டு இறங்கவே இல்லை. கோதுமை கூடுதலாக விளைந்தால் பணம் வரும், ஆகவே வயலுக்கு முதலீடு. அவள் முதுகுவலிக்கு விலைச்சீட்டு இல்லை, ஆகவே அதற்கு முதலீடும் இல்லை.

1874-இல் குடும்பம் மின்னசோட்டாவின் வால்நட் குரோவ் பக்கம் வந்தது. முதலில் ஓடைக்கரைச் சரிவில் குடைந்த மண் வீடு. பிறகு வரப்போகும் கோதுமையை நம்பிக் கடன் வாங்கிய பலகையில் நல்ல வீடு. அந்த நிலப்பகுதியில் 1873 முதல் 1877 வரை ராக்கி மலை வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமாக இறங்கியது. 1875-இல் நெப்ராஸ்காவில் ஒருவர் கணக்கிட்ட ஒரு கூட்டம் ஏறத்தாழ 1,98,000 சதுர மைல் பரப்பை மூடியது, நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கோதுமை போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. வெங்காயத்தை மண்ணுக்குள் குழி விழும் அளவுக்குத் தின்றன. செடிகளைக் காப்பாற்றப் பெண்கள் ரஜாய்களைப் போர்த்தினால் ரஜாயையே அரித்தன. வெட்டுக்கிளி தின்ற கோழியின் முட்டையும் இறைச்சியும் வாய்க்கு வைக்க முடியாத நாற்றம். பசுவுக்குப் புல் இல்லை என்றால் வெண்ணெயும் இல்லை. சூதாட்டம் தோற்ற வருடத்தில் மளிகையையும் சேர்த்து அடித்துச் சாய்த்த பூச்சி அது. சார்ல்ஸ் கூலி வேலை தேடிக் கிழக்கே நடந்துபோனார், கரோலின் பிள்ளைகளோடு தனியே இருந்தார்.

1876 கோடையில் நிலத்தை விற்றார்கள். அயோவாவின் பர் ஓக் என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலை என்று ஏற்பாடு, போகும் வழியில் பீட்டர்–எலைசா குடும்பத்தோடு கொஞ்ச நாள். அந்தப் பயணத்தில்தான், ஆகஸ்ட் 27 அன்று, நிவாரண மாவு வாங்கிய மாதத்தில் பிறந்த பையன் ஃப்ரெட்ரிக் இறந்தான். பத்து மாதம்கூட நிறையவில்லை. மகளின் நாவல்களில் இந்தப் பையனே கிடையாது, பர் ஓக்கும் கிடையாது. குழந்தைகளுக்கான புத்தகத்தில் அதைச் சேர்க்க மனம் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டால் அம்மாவின் கதையில் பெரும் ஓட்டை விழுகிறது. அதன் பிறகு விடுதிக்குப் போய், யார் யாருக்கோ சமைத்து, அறை பெருக்கி, அடுத்த மே மாதம் கிரேஸ் என்ற கடைசி மகளைப் பெற்றெடுத்த ஒரு பெண்ணின் வருடம் அப்படியே காணாமல் போகிறது.

பிள்ளைப்பேறு பற்றி ஒரு வார்த்தை. 1800-இல் அமெரிக்க வெள்ளையினப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக ஏழு பிள்ளைகள், 1900-க்குள் அது மூன்றரையாகப் பாதியானது. கரோலினின் ஐந்து இந்த இறக்கத்தின் நடுவில் இருக்கிறது. முதல் குழந்தை மேரி பிறந்தது கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, 1865 ஜனவரியில். எப்படி, ஏன் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, அந்தக் காலத்தில் எழுதியிருக்கவும் மாட்டார்கள்.

1879-இல் மேரிக்குக் கடும் காய்ச்சல், முடிவில் இரண்டு கண்ணும் போயிற்று. நாவலில் இதற்கு ஸ்கார்லெட் காய்ச்சல் என்று பெயர். 2013-இல் மருத்துவ ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் செய்திகளையும் அலசி, மூளையையும் அதன் உறையையும் தாக்கிய வைரஸ் தொற்றாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த வருடமே சார்ல்ஸுக்கு டகோட்டாவில் ரயில்பாதை போடும் இடத்தில் வேலை கிடைத்தது, மறுபடியும் மூட்டை. டி ஸ்மெட் ஊர் முளைத்த 1880 வசந்தத்தில் நிலம் தேடி வந்தவர்கள் தங்க இடம் இல்லாமல் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், கரோலின் சாப்பாடு போட்டுக் காசு வாங்கினார். மகளின் எழுத்துப்படி வேளைக்கு 25 சென்ட். தரையெல்லாம் அந்நியர்கள் உறங்க, அவர் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினார். கோதுமை ஒரு விதைகூட இன்னும் விழவில்லை, ஆனால் வீட்டில் பணம் வந்துகொண்டிருந்தது.

அதே வருடம் அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல். 1881 ஜனவரியில் ரயில் நின்றது, மே மாதம்தான் மறுபடி வந்தது. மாவு தீர்ந்தது, விறகு இல்லை, நிலக்கரி இல்லை. சதுப்பு நிலத்துக் காய்ந்த புல்லைக் கயிறு மாதிரி முறுக்கி முறுக்கி எரித்தார்கள், விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கையரவையில் நாள் முழுக்க மாறி மாறி அரைத்து ரொட்டி சுட்டார்கள். முறுக்கிய புல் சில நிமிடத்தில் எரிந்துவிடும், அதனால் ஒருவர் முறுக்கிக்கொண்டே, ஒருவர் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி அந்தக் குளிர்காலம் முழுக்க இவர்களோடு ஒண்டிக்கொண்டு வேலையிலும் கை கொடுக்காமல் இருந்ததாக லாராவின் தன்வரலாறு எரிச்சலோடு சொல்கிறது. நாவலில் அவர்களும் இல்லை. ஏழு மாதம் விருந்தாளி, புல் அடுப்பு, கண் தெரியாத ஒரு மகள், மூன்று வயதுக் கிரேஸ். அந்த வீட்டின் அமைதியான அம்மா அந்தத் தம்பதியைப் பற்றிச் சமையலறையில் என்ன முணுமுணுத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நிலம் யார் பெயரில்? 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கரை, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால், குடும்பத் தலைவருக்கோ 21 வயது நிரம்பிய தனி நபருக்கோ கொடுத்தது. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் விண்ணப்பிக்கலாம், பலர் விண்ணப்பிக்கவும் செய்தார்கள். புருஷன் உள்ள பெண் விண்ணப்பிக்க முடியாது. அதாவது பல வருடம் பண்ணை நடத்திய கரோலினுக்கு இல்லாத உரிமை, கிழக்கிலிருந்து நேற்று வந்து இறங்கிய 21 வயதுக் கல்யாணமாகாத பெண்ணுக்கு இருந்தது. சார்ல்ஸ் பெயரில் இருந்த நிலத்துக்குச் சட்டப்படி குடியிருப்பு நிறைவேறியது 1886-இல். உண்மையில் குடியிருப்பு என்ற நிபந்தனையை நிறைவேற்றுகிற வேலை, கணவன் கூலிக்கு வெளியே போன மாதங்களில் அந்தக் குடிலில் தங்கியிருந்தவளுடையது.

மேரியை 1881 நவம்பரில் அயோவாவின் விண்டனில் இருந்த பார்வையற்றோர் கல்லூரிக்குப் பெற்றோர் இருவருமே கொண்டுபோய் விட்டார்கள். கல்விச் செலவை டகோட்டா அரசு ஏற்றது, உடையும் பயணமும் குடும்பத்தின் பாடு. மேரி 1889-இல் படிப்பை முடித்தார். ஆசிரியையாக இருந்த அம்மாவுக்கு இந்தப் படிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை, வறட்சியிலும் கடனிலும் அதை மட்டும் நிறுத்தவில்லை.

பண்ணை கடைசி வரை லாபம் தரவில்லை. 1887-இல் சார்ல்ஸ் ஊருக்குள் ஒரு வீடு கட்டினார், பிறகு 160 ஏக்கரையும் விற்றுவிட்டார். இதே காலத்தில் வெண்ணெய்த் தொழிலும் மாறிக்கொண்டிருந்தது. 1878-இல் ஸ்வீடனின் டி லவால் ஆடை பிரிக்கும் இயந்திரம் செய்தார், 1890-இல் விஸ்கான்சினில் பேப்காக் என்ற விஞ்ஞானி பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அளக்கும் எளிய சோதனையைக் கண்டுபிடித்தார். பாலுக்கு நேர்மையான விலை கிடைத்தது, அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், இடித்துக் கடையும் வேலையும் குறைந்தது. கூடவே வேறொன்றும் நடந்தது: பால் வண்டியில் ஏறி ஆலைக்குப் போனது, பணம் பண்ணையின் கணக்கில், அநேகமாகக் கணவன் பெயரில் வந்தது. அவள் கையோடு கடைக்குப் போய் அவளே பேரம் பேசிய காசு மெல்ல மெல்ல மறைந்தது. ஆனாலும் 1899-இல்கூட அமெரிக்க வெண்ணெயில் பெரும்பங்கு பண்ணை வீடுகளில்தான் உருவானது, அவ்வளவு பெரிய தொழில் அது.

சார்ல்ஸ் 1902-இல் இறந்தார். கரோலின் அதன் பிறகு 22 வருடம் மேரியோடு டி ஸ்மெட் வீட்டிலேயே இருந்தார். தெற்கு டகோட்டாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1890-இல் நடந்த பொது வாக்கெடுப்புக்காக ஓட்டுரிமை இயக்கத் தலைவி சூசன் பி. ஆந்தனியே வந்து ஊர் ஊராகப் பேசினார், ஆண்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். அந்த மாநிலம் கடைசியில் ஒப்புக்கொண்டது 1918 நவம்பரில். கரோலினுக்கு அப்போது 79 முடிய ஒரு மாதம் பாக்கி.